மாவு மில்லில் நான் நின்ற இடம்

போன மாதம் சேலத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தொழிற்சாலைகளுக்குப் போய் தூசி, சத்தம், ஆவி, வெப்பம் இவற்றையெல்லாம் அளக்கப்போகும் புது ஆட்களுக்கான வகுப்பு. ஓய்வுபெற்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவளை இன்னும் நான்கு பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று, இஸ்திரி போட்ட சேலையோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதைய கருவிகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, சட்டையில் மாட்டினால் காற்றில் எவ்வளவு தூசி என்று அங்கேயே எண்ணாகக் காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் அந்த எண் கிடைக்க ஒரு வாரம் ஆகும். அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாமக்கல்லில் இருந்து வந்த ஒரு பெண் கள ஆய்வுத் தாளைத் தூக்கிக் காட்டி, “மேடம், இதுல மொதக் கேள்வி அச்சுப்பிழைங்களா?” என்று கேட்டாள்.

தாளின் முதல் வரி இது: ‘இது உங்கள் மூக்கு என்று தொழிலாளியிடம் சொன்னீர்களா? ஆம் / இல்லை.’

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அச்சுப்பிழை இல்லை, அது என் பிழை என்றேன். அன்றைக்கு எனக்குக் கொடுத்த இருபது நிமிஷத்தில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலையில் எனக்குப் பெருமை தருகிற காரியங்கள் நிறைய உண்டு. பெருமைப்படுவதற்கு நான் கூச்சப்படுகிற ஆளும் இல்லை. ஆனால் எல்லாப் பெருமைக்கும் தாய்வேர் அந்த ஒரு வரிதான்.

தொழில் நோய் என்ற சொல்லைப் படிப்பதற்கு முன்பே அந்த நோயோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லராக இருந்தார். போர் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, நாற்பது வயதில் காது போய்விட்டது. எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அவருக்குச் சொல்வது தெருவுக்கே கேட்கும், அவர் முணுமுணுப்பது அடுத்த தெருவுக்கும் கேட்கும். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, அம்மாவின் காதோரம் குனிந்து, “பையனுக்கு முன்னால முடி கொட்டீருச்சாட்ட இருக்குது” என்று அவர் ரகசியமாகச் சொன்னது வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை சிரித்துவிட்டார். கல்யாணமும் நடந்தது.

வேதியியல் படித்து, அரசு ஆய்வகத்தில் வேலை கிடைத்து, பயிற்சிக்குப் போனபோது என் மேலதிகாரியாக இருந்தவர் ராஜமாணிக்கம் சார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற ‘ங்க’ அவர் வாயில் வராது. ஆனால் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. முதல் வாரமே பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், சத்தம் அளக்கும் மீட்டரைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். தறி ஓட்டும் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொண்டார்கள். வெளியே வந்து டீக்கடையில் நான் ஒரு டீ கேட்டதற்கு ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “இப்ப மீட்டர்ல வந்த எண்ணை எழுது. இனி மறக்காது” என்றார். மறக்கவில்லை. அப்பாவிடம் அதற்கப்புறம் ஒருநாளும் சலித்துக்கொண்டு கத்தியதும் இல்லை.

சாருக்குச் சில பழக்கங்கள் இருந்தன. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் உட்கார மாட்டார். முதலாளி அறையில் நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசிவிட்டு வருவார். தண்ணீர் பாட்டிலும் தயிர்சோறும் அவர் பையிலேயே இருக்கும். கொடுக்கிற டீயைத் தொட மாட்டார். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்காங்க. நமக்கு நினைக்க நேரம் இல்ல, அதனால சாப்பிடாத” என்பார். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வருகிற மாதிரி படிப்பார். படித்து முடித்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: “நீ எங்க நின்ன?”

அந்தக் கேள்விக்கு மணி வாரியாகப் பதில் சொல்லவேண்டும். ஒன்பதரைக்கு எங்கே, பத்துக்கு எங்கே, அளக்கிற ஆளுக்கும் நமக்கும் எத்தனை அடி. பயிற்சியில் இருந்தவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘எங்க நின்ன சார்’ என்றே பெயர் வைத்திருந்தோம்.

தூசி அளக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் என் பிழை விளங்காது. தொழிலாளியின் இடுப்பு பெல்டில் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகுப்பக்கமாக ஏறி, தோளைத் தாண்டி வந்து, கழுத்துப்பட்டை அருகே ஒரு சின்னக் கிண்ணத்தில் முடியும். மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்கவேண்டும். கிண்ணத்துக்குள் வட்டமாக வெள்ளை ஃபில்டர். பம்ப் காற்றை இழுக்க, நுரையீரல் வரைக்கும் போகக்கூடிய நுண்ணிய தூசி மட்டும் ஃபில்டரில் படியும். போவதற்கு முன் ஃபில்டரை எடைபோட்டு, வந்தபின் மறுபடி போட்டு, வித்தியாசம் பார்ப்போம். பம்ப் சரியாக இழுக்கிறதா என்று முன்னும் பின்னும் சோதிப்போம். கண்ணாடிக் குழாயில் ஒரு சோப்புக் குமிழி மெல்ல மேலே ஏறும், கோட்டுக்குக் கோடு எத்தனை விநாடி என்று பார்க்கவேண்டும். கூடவே ஒரு ஃபில்டரை மூடி திறக்காமலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவோம். அதன் எடை மாறியிருந்தால் தராசு அறையில்தான் தப்பு. இத்தனையும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்து ஆறாவது வருஷம், திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற வழியில் ஒரு மில்லுக்குப் போனேன். பெயர் வேண்டாம். வெள்ளைக் கல்லை உடைத்து, அரைத்து, தூளாக்கி மூட்டை பிடிக்கிற மில். சுற்றுவட்டாரத்தில் அதை மாவு மில் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது கோதுமையைத் தூக்கிக்கொண்டு வந்து திரும்பிப்போனதும் உண்டாம். அந்தப் பெயர்தான் முதல் கேடு. மாவு என்றால் யாருக்குப் பயம் வரும்? ஆனால் கல் மாவு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உள்ளேயே தழும்பாகி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சைக் குறைத்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் எங்களுக்கு எழுதியிருந்தார். அந்த மில்லில் வேலை செய்த மூன்று பேருக்குக் காசநோய் மருந்து கொடுத்தும் இருமல் நிற்கவில்லை, தூசியைப் பாருங்கள் என்று. அந்த மூவரில் ஒருவர் பழனியம்மாளின் கணவர். அவர் படுத்த பிறகு, அவர் மூட்டை பிடித்த அதே இடத்தில் பழனியம்மாள் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கைச் சுற்றி ஒரு பழைய துணி, தலைமுடியும் புருவமும் வெள்ளை.

அவர் மேல்தான் பம்ப்பை மாட்டினேன். “இது என்ன வெலைங்க?” என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. என் ஒரு வருஷச் சம்பளம், பத்திரமாகப் பார்த்துக்கோங்க என்று விளையாட்டாகச் சொன்னேன். பழனியம்மாள் சிரிக்கவில்லை. சரிங்க என்று தலையாட்டினார்.

அன்று காலை பெல்ட் அறுந்து மில் நின்றுகிடந்தது. தானாக அறுந்ததா, நான் வருவது தெரிந்து அறுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பன்னிரண்டரைக்குத்தான் ஓட ஆரம்பித்தது. அதே நேரத்தில், மில்லுக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து முதலாளியின் மனைவி வந்தார். என் அம்மா ஊரைக் கேட்டார், பாட்டன் பெயரைக் கேட்டார், இரண்டு நிமிஷத்தில் உறவு கண்டுபிடித்துவிட்டார். நான் அவருக்கு ஒருவகையில் நாத்தனார் முறையாம். “நம்மூட்டுப் புள்ள கை நனைக்காமப் போனா ஊருல என்னங்க சொல்லுவாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னால், உன் வீட்டு உறவே வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம். போனேன். அரிசியும்பருப்புஞ்சாதம், நெய், அப்பளம், அதற்குமேல் கதை. திரும்பி வந்தபோது மூன்றரை. மூட்டை பிடித்து முடிந்திருந்தது. பழனியம்மாள் கூட்டிக்கொண்டிருந்தார். பம்ப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கூட்டுவதைக் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அதைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எடைபோட்டுப் பார்த்தால் ஃபில்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தூசி, வெள்ளை ஃபில்டர், கண்ணுக்கும் எதுவும் தெரியாது. குமிழிச் சோதனை சரி. திறக்காத ஃபில்டரும் சரி. தூசி வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிட்டேன். அந்த அறிக்கை போனால் மில்லுக்கு நற்சான்று, டாக்டரின் கடிதம் குப்பைக்கு, பழனியம்மாள் அதே இடத்தில். எனக்கு அது உறைக்கவில்லை. எண் சரியாக இருக்கிறது என்ற மிதப்பில் இருந்தேன்.

சார் வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து வந்தார். “நீ எங்க நின்ன?”

சொன்னேன். பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். கண்ணிமையெல்லாம் வெள்ளையாக இருந்தது என்றேன்.

“கால் மணி நேரம் நின்ன உன் கண்ணிமையில ஒட்டினது, அந்தம்மா ஃபில்டர்ல ஏன் ஒட்டல? போய்ப் பாரு. இந்தத் தடவை உட்காராத.”

சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாளில் மறுபடி போனேன். மில் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழனியம்மாளுக்குப் பம்ப்பை மாட்டி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். மூட்டை வாயைத் திறந்ததும் தூள் புகையாக எழுந்தது. உடனே அவர் ஒரு காரியம் செய்தார். தன் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கழுத்தோரம் இருந்த கிண்ணத்தைச் சுற்றி இறுக்கக் கட்டினார். பிறகு வெறும் முகத்தோடு குனிந்து மூட்டை பிடிக்க ஆரம்பித்தார்.

என்னங்க பண்றீங்க என்று கேட்டேன்.

“மாவு படியுதுங்க அம்மிணி. அத்தன வெல போட்டு வாங்குனது, வீணாப் போயிரக் கூடாதல்லங்க. அன்னைக்கும் இப்புடித்தான் கட்டி வெச்சிருந்தனுங்க. நீங்க வாரப்பத்தான் அவுத்தேன். ஒரு பொட்டு ஒட்ட உடலைங்க.”

பெருமையாகச் சொன்னார். அடுத்தவர் பொருளுக்குச் சேதம் வராமல் காப்பாற்றிக் கொடுத்த பெருமை. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஐந்து வருஷம் குமிழியை விநாடிக் கணக்கில் பார்த்தவள், எதற்காக அதை மாட்டுகிறேன் என்று மாட்டிக்கொள்கிறவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் விலையைத்தான்.

மூட்டையை நிறுத்தச் சொல்லி, அவரை வெளியே கூட்டிவந்து சொன்னேன். “இது மெஷின் இல்லீங்க, இது உங்க மூக்கு. உங்க மூக்கு எதை இழுக்குதோ, அதை இதுவும் இழுக்கோணும். இதுல ஒட்டுறதுதான் உங்களுக்குள்ள போறது.”

அவர் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அப்ப எங்கூட்டுக்காரருக்கு உள்ள இருக்கறதும் இதே மாவுதானுங்களா?” என்று கேட்டார்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்பது சார் பழக்கியது. எனக்குத் தெரியவில்லை, ஆனால் இன்றைக்கு அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். துணியை அவிழ்த்தார். பையில் இருந்த இரண்டு முகமூடிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்து, ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். புது ஃபில்டர் மாற்றி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மதியம் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. சாப்பிட வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். முதலாளியின் மனைவியே வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உறவு அன்றோடு அறுந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, நல்ல மனுஷி, நெய் விட்ட கை. ஆனால் நகரவில்லை.

இந்தத் தடவை வந்த எண் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

இனி முதல் அறிக்கையை என்ன செய்வது? பம்ப் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். நல்லதற்காகத்தான் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தேன். பம்ப் சரியாகத்தான் ஓடியது. கோளாறு என் வயிற்றிலும் வாயிலும்தான் இருந்தது. முதல் அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, கீழே என் கையால் எழுதினேன்: பம்ப் எதற்கு என்று தொழிலாளிக்கு நான் விளக்கவில்லை, மூட்டை பிடிக்கும் நேரத்தில் உரிமையாளர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஆகவே இந்த அளவீடு செல்லாது.

சார் அதைப் படித்தார். எங்க நின்ன என்று கேட்கவில்லை, அதுதான் எழுதியிருக்கிறதே. பேனாவை எடுத்து என் வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘தொழிலாளிக்கு விளக்கவேண்டும் என்று நான் கொடுத்த பயிற்சியிலும் இல்லை.’ அதற்குக் கீழே கையெழுத்து. அந்த மாதமே கள ஆய்வுத் தாளில் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார். எப்படி எழுதுவது என்று கேட்டேன். அந்தம்மாவிடம் என்ன சொன்னாயோ அதையே எழுது என்றார். அதுதான் நாமக்கல் பெண் பார்த்த அச்சுப்பிழை.

மில்காரர் விடவில்லை. விசாரணைக்கு அவரும், அவர் பக்கம் பேச ஒருவரும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். வேலைசெய்கிறவர் என்ற முறையில் பழனியம்மாளையும் கூப்பிட்டிருந்தோம். அவர் வந்து சேருவாரா என்றே எனக்குச் சந்தேகம். முதலாளி முன்னால் பேசினால் அடுத்த நாள் வேலை இருக்காது, வீட்டில் படுத்திருக்கிற கணவர், வேறு வருமானம் கிடையாது. வந்தார். கணவரின் எக்ஸ்ரே கவரை மஞ்சப்பையில் வைத்து மார்போடு பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த கல்லை அரைப்பது நிறுத்தப்பட்டது. தண்ணீர் தெளித்துத்தான் உடைக்கவேண்டும், மூட்டை வாயில் தூசியை உறிஞ்சும் குழாய் வைக்கவேண்டும் என்று உத்தரவு போனது. பழனியம்மாளின் கணவருடைய நோய்க்கு அதன் சரியான பெயரை டாக்டர்கள் எழுதினார்கள். பெயர் கிடைத்ததே தவிர மூச்சு திரும்பவில்லை, இரண்டு வருஷத்தில் போய்விட்டார். பழனியம்மாளின் நெஞ்சில் தழும்பு அதிகம் ஏறியிருக்கவில்லை. மில்லை விட்டுவிட்டு ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை அடுக்கப் போனார். அங்கேயும் தூசி உண்டு, அதையும் நான்தான் போய் அளந்தேன். இன்றைக்கும் போனில் பேசுகிறார். பேச்சு நடுவில் மூச்சு வாங்குவதில்லை. அதைக் கவனித்துக்கொண்டேதான் பேசுவேன்.

விசாரணைக்கு வருகிறேன். முதல் எண் சுத்தமாக வந்தது எப்படியோ மில்காரர் காதுக்கு எட்டியிருந்தது. அவருடைய வாதம் எளிமையானது. முதல் அறிக்கை சுத்தம் என்கிறது, இரண்டாவது அசுத்தம் என்கிறது, இரண்டையும் எழுதியது ஒரே ஆள். “எங்கூட்டுலதான் உக்காந்து சாப்பிட்டாங்க. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார். என்னை மடக்கிவிட்டதாக நினைத்தார். சார் கோப்பை அவர் பக்கம் திருப்பி, நான் எழுதிய வரியில் விரல் வைத்தார். அவர் படித்தார். அவருக்காகப் பேச வந்தவரும் எட்டிப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அந்த வரியை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தால் விசாரணை அங்கேயே அவர் பக்கம் முடிந்திருக்கும்.

உடனே அடுத்ததற்குப் போனார் மில்காரர். இரண்டாம் தடவையும் மேடம் எங்கேயாவது உட்கார்ந்திருந்து எழுதியிருக்கமாட்டார் என்பதற்கு என்ன சாட்சி?

சார் என்னைப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க எங்களிடம் கேட்ட கேள்வியை, முதல் தடவையாக இன்னொருவரிடம் கேட்டார். “அம்மா, இவங்க அன்னைக்கு எங்க நின்னாங்க?”

பழனியம்மாள் எழுந்து நின்றார். முதலாளியைப் பார்த்தார். எக்ஸ்ரே கவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எம்பட பக்கத்துலதானுங்க நின்னாங்க. காலைல இருந்து பொழுதெறங்குற மட்டும். நான் தின்ன மாவத்தானுங்க அவங்களும் தின்னாங்க.”

சொன்னபடியே அது பதிவானது. அது முழு உண்மை இல்லை. அன்றைக்கு இரண்டு பேருமே முகமூடி போட்டிருந்தோம்; அதற்கு முன் அவர் வெறும் துணியோடு தின்ற மாவை நான் தின்னவில்லை. எழுந்து அதைத் திருத்தியிருக்கவேண்டும், சார் பழக்கிய பழக்கம் அதுதான். எழுந்திருக்கவில்லை. என் பணிக்காலத்தில் தெரிந்தே திருத்தாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான்.